கேட்டறிந்த சீகன்பால்கு

பார்த்தலோமேயு சீகன்பால்கு ஜெர்மனி நாட்டின் புல்ஸ்னிட்ஸ் நகரில் 1682ஆம் ஆண்டு பிறந்தார். கிறித்தவச் சமயப் பணிக்காக 1706இல் தரங்கம்பாடிக்கு வந்தார். அப்போது அவர் தமிழ் அறியார். திண்ணைப் பள்ளிச் சிறுவர்களுடன் அமர்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார்.

தமிழர் நாகரிகமற்றவர் என்று அக்கால ஐரோப்பியர் பலர் எண்ணினர். சீகன்பால்குவும் அவ்வெண்ணத்துடனேயே வந்தார். தமிழ் ஏடுகளைப் பயின்றபின் அதனை மாற்றிக்கொண்டார். கொன்றைவேந்தன், உலகநீதி, நீதிவெண்பா ஆகியவற்றை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார்.

அவர் தம் சமயத்தை விடவில்லை. தமிழர் வழிபாட்டை ஏற்கவுமில்லை. ஆயினும் அவ்வழிபாட்டைப் பற்றித் தமிழரிடமே கடிதம் வாயிலாகக் கேட்டறிந்தார். அவர்தம் விடைகளையும் ஏடுகளையும் துணைக்கொண்டு, தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713இல் ஒரு நூல் எழுதினார். ஜெர்மனியிலிருந்த மேலோர் அதனை அச்சிட மறுத்தனர். 1719இல், தம் 36ஆம் வயதில், அவர் தரங்கம்பாடியிலேயே மறைந்தார். அந்நூல் 1867இல்தான் சென்னையில் அச்சேறியது.

மாணவர்களே! அந்தமானில் வங்காளியர், தெலுங்கர், கரேன் மக்கள், நிக்கோபாரியர் எனப் பலர் நம்முடன் வாழ்கின்றனர். அவர்தம் விழாவின் பொருள் விளங்காதபோது, நாமே ஒன்றை எண்ணிக்கொள்ளாது அவர்களிடமே கேட்டறிவோம்.