சிறைக்குப் பதில் பள்ளி கேட்ட அம்மையார்

அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் சிறு பிள்ளை திருடினாலும் சிறைதான். அங்கே பழகிய திருடர்களோடு சேர்ந்து, திருட்டை நன்றாகக் கற்றுக்கொண்டு வெளியே வந்தான்.

இந்தக் கொடுமையை எதிர்த்தவர் மேரி கார்ப்பெண்டர் அம்மையார். 1807-ல் பாதிரியார் ஒருவரின் மகளாகப் பிறந்தார். 1846-ல் பிரிஸ்டல் நகரில், கந்தல் உடுத்திய ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்தார். தவறு செய்த பிள்ளைக்கு வேண்டியது அன்பும், படிப்பும், கைத்தொழிலும் என்று புத்தகம் எழுதினார். பார்லிமெண்டுக் குழுவின் முன் சாட்சி சொன்னார்.

1854-ல் சட்டம் வந்தது. சீர்திருத்தப் பள்ளிகளுக்கு அரசாங்கம் பண உதவி செய்தது. அதே ஆண்டில் அம்மையார் சிறுமிகளுக்கென்று தனிப் பள்ளி தொடங்கினார். கவிஞர் பைரனின் மனைவி அதற்குக் கட்டிடம் வாங்கிக் கொடுத்தார்.

ஆனால் சட்டத்தில் ஒரு குறை. பள்ளியில் சேருமுன் பிள்ளை குறைந்தது 14 நாள் சிறையில் இருக்க வேண்டும்! அதுவும் கூடாது என்று அம்மையார் போராடினார்.

இளமையில் ராஜாராம் மோகன்ராயைப் பிரிஸ்டலில் சந்தித்தது முதல் அவருக்கு இந்தியா மீது பற்று. 4 முறை இங்கு வந்தார், சென்னையையும் பார்த்தார். 1876-ல் இந்தியாவிலும் சீர்திருத்தப் பள்ளிச் சட்டம் பிறந்தது.

மறு ஆண்டு அம்மையார் மறைந்தார். இங்கிலாந்தில் அந்தக் கட்டாயச் சிறை 1899-ல்தான் ஒழிந்தது. அதைக் காண அவர் இல்லை. பிள்ளைகள் கண்டார்கள்.