கல்லைப் படிக்கக் கடல் கடந்தவர்

கோவிலம்பாக்கம் வழியாகப் பல்லாவரம் செல்லும் 200 அடி ரேடியல் சாலையில் போயிருக்கிறீர்களா? அந்தப் பல்லாவரத்துக்கு ஒரு பெரிய பெருமை உண்டு. 1863-ஆம் ஆண்டு மே 30-ஆம் தேதி, ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியல் அறிஞர் அங்கே சரளைக்கல் தோண்டிய ஒரு குழியில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். மற்றவர்களுக்கு அது வெறும் கல். ஃபூட் மட்டும் அது தானாக உடைந்த கல் அல்ல, ஆதிமனிதன் செதுக்கிய கைக்கோடாரி என்று கண்டுகொண்டார். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதை உலகுக்குச் சொன்ன கல் அதுதான்!

அதே ஃபூட், 1893-இல் குஜராத்தின் சபர்மதி ஆற்றங்கரையிலும் கற்கருவிகளைக் கண்டார். பிறகு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அந்த இடத்தை யாரும் சரியாகத் தேடவில்லை. ஃபூட் சொன்னது உண்மைதானா என்று பார்க்க ஒருவர் கிளம்பினார். அவர்தான் எச்.டி. சங்காலியா. இந்தியத் தொல்லியலின் முன்னோடிகளில் ஒருவர். அவர் கதையைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

ஹஸ்முக் தீரஜ்லால் சங்காலியா 1908-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் தேதி மும்பையில் பிறந்தார். ஹஸ்முக் என்றால் சிரித்த முகம் என்று பொருள். ஆனால் அவர் பிறந்தபோது வீட்டில் யார் முகத்திலும் சிரிப்பு இல்லை. குழந்தை அவ்வளவு நோஞ்சானாக இருந்தது. பிழைக்காது என்றே எல்லோரும் எண்ணினார்கள். அந்தக் குழந்தைதான் பிற்காலத்தில் காடு மேடெல்லாம் நடந்து, வெயிலில் நின்று மண்ணைத் தோண்டி ஆராய்ந்தது!

பதினைந்து வயதில் ஒரு நூல் அவர் கைக்குக் கிடைத்தது. வேத கால மக்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று லோகமான்ய திலகர் எழுதிய நூலின் குஜராத்தி வடிவம் அது. படித்தார். பெரும்பகுதி புரியவில்லை. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? மூடி வைத்துவிட்டு விளையாடப் போயிருப்பீர்கள், இல்லையா? சங்காலியா அப்படிச் செய்யவில்லை. இதைப் புரிந்துகொள்ள என்ன படிக்க வேண்டும் என்று யோசித்தார். திலகர் சம்ஸ்கிருதமும் கணிதமும் கற்றவர் என்பதால், தாமும் அவற்றைப் படிக்க முடிவு செய்தார்.

அவருடையது வழக்கறிஞர்கள் நிறைந்த குடும்பம். அவரும் சட்டம் படித்துப் பட்டம் பெற்றார். ஆனால் மனம் பழங்காலத்திலேயே இருந்தது. எம்.ஏ. படிப்புக்கு நாளந்தா பல்கலைக்கழகத்தைப் பற்றி ஆய்வு செய்தார். நாளந்தாவுக்கு ஏழாம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து யுவான் சுவாங் வந்து படித்தார் என்று வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்களே! அயல்நாட்டு மாணவர்கள் தேடி வந்த அந்தப் பல்கலைக்கழகத்தைப் பற்றி எழுதியவர், அடுத்து தாமே அயல்நாட்டு மாணவர் ஆனார். 1930-களில் கப்பலேறி, லண்டன் பல்கலைக்கழகத்துக்குத் தொல்லியல் படிக்கச் சென்றார்.

இன்று போல ஒரே நாளில் விமானத்தில் போய் இறங்கும் காலமல்ல அது. கடலில் வாரக்கணக்கில் பயணம் செய்ய வேண்டும். வீட்டுக்குக் கடிதம் போட்டால் பதில் வரவும் வாரங்கள் ஆகும். குளிரும் புதிது, உணவும் புதிது.

லண்டனில் அவர் ஆராய்ந்தது எதைத் தெரியுமா? தம் முன்னோரின் ஊரான குஜராத்தின் பழஞ்சின்னங்களைத்தான்! சொந்த மண்ணைப் பற்றி அறிய எதற்காக அவ்வளவு தூரம் போக வேண்டும் என்று கேட்கிறீர்களா? அவர் கற்க விரும்பியது ஆராயும் முறையை. அது அங்கே ஓர் அகழாய்வுக் குழியில் கிடைத்தது.

இங்கிலாந்தின் தென்பகுதியில் மெய்டன் காசில் என்ற பழைய மண்கோட்டை இருக்கிறது. 1934 முதல் 1937 வரை மார்ட்டிமர் வீலர் என்ற அறிஞர் அங்கே அகழாய்வு செய்தார். அதில் சங்காலியாவும் பயிற்சி பெற்றார். அங்கே அவர் கற்ற பாடத்தை ஓர் எடுத்துக்காட்டால் சொல்கிறேன்.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய செய்தித்தாள்களை அடுக்கி வைத்திருப்பார்கள். அடியில் இருப்பது மிகப் பழையது, மேலே இருப்பது நேற்றையது. மண்ணும் அப்படித்தான் அடுக்கடுக்காகப் படிகிறது. எந்த அடுக்கில் ஒரு பொருள் கிடைத்தது என்று குறித்து வைத்தால்தான் அதன் காலம் தெரியும். அடுக்கைக் கலைத்துவிட்டால், பொருள் கையில் இருக்கும். அதன் கதை போய்விடும்! இதே வீலர்தான் பிறகு இந்தியா வந்து, 1945-இல் புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் அகழாய்வு செய்து, ரோமானியர்களோடு நடந்த வணிகத்தை வெளிக்கொண்டு வந்தார்.

நாடு திரும்பிய சங்காலியா, 1939-இல் புனே டெக்கான் கல்லூரியில் பேராசிரியரானார். 1941-இல் சபர்மதிக்குக் குழுவோடு போனார். ஆற்றங்கரையில் மண்ணும் சரளையும் படிந்த அடுக்குகளைப் பொறுமையாகப் பார்த்தார். அங்கே கற்கருவிகள் இருந்தன! ஃபூட் சொன்னது சரி என்று உறுதியானது.

அடுத்து லாங்னஜ் என்ற ஊரில் கற்கால மனிதர்களின் எலும்புக்கூடுகளே கிடைத்தன. அந்த ஆய்வில் அவரோடு இருந்தவர் மானிடவியல் அறிஞர் ஐராவதி கார்வே. அவரும் ஜெர்மனியின் பெர்லின் நகரில் படித்துத் திரும்பியவர்தான்.

நர்மதைக் கரையில் நவ்டாட்டோலி, மகாராஷ்டிரத்தில் நெவாசா, இனாம்காவ் என்று அவர் அகழாய்வு செய்த ஊர்கள் பல. நெவாசாவில் ஒரு சிறு குழந்தையின் எலும்புக்கூடு கிடைத்தது. கழுத்தில் செம்பு மணிமாலை. மூவாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பு யாரோ ஒரு தாய் ஆசையாக அணிவித்தது! அந்த மணிகளுக்குள் நூலின் மிச்சம்கூட இருந்தது. மன்னர்களின் கதையை நூல்கள் சொல்லும். இப்படிப்பட்ட எளிய மக்களின் கதையை மண் மட்டும்தானே சொல்லும்?

தாம் கடல் கடந்து கற்ற முறையை, நம் நாட்டு மாணவர்களுக்கு இங்கேயே கற்றுக் கொடுத்தார் சங்காலியா. டெக்கான் கல்லூரி தொல்லியல் படிப்பின் முக்கிய இடமாக வளர்ந்தது. 1974-இல் அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கப்பட்டது. 1989-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் தேதி அவர் மறைந்தார்.

குழந்தைகளே! உங்கள் ஊரிலும் ஏரிக்கரையிலோ, வீடு கட்டத் தோண்டிய பள்ளத்தின் ஓரத்திலோ பழைய பானை ஓடு, செதுக்கியது போன்ற கல் கண்ணில் படலாம். அதை இடம் மாற்றாதீர்கள். பள்ளத்தில் இறங்கவும் வேண்டாம். பார்த்த இடத்தைக் குறித்துக்கொண்டு ஆசிரியரிடம் சொல்லுங்கள். அவர் தொல்லியல் துறைக்குத் தெரிவிப்பார்.

இன்னொன்று. படிக்கும்போது ஏதாவது புரியவில்லை என்றால் வெட்கப்படாதீர்கள். பதினைந்து வயதில் புரியாத ஒரு நூல்தான் சங்காலியாவை லண்டன் வரை அழைத்துப் போனது. உங்களுக்குப் புரியாத பாடம் உங்களை எங்கே அழைத்துப் போகுமோ, யார் கண்டது?