குதிரையின் காலைக் காப்பாற்ற உதவும் 1878-ம் வருடப் படங்கள்: யார் இந்த மைபிரிட்ஜ்?

ரேஸில் ஓடும் குதிரைக்குக் கால் எலும்பு மோசமாக முறிந்தால், பல நேரங்களில் கருணைக்கொலைதான் முடிவு. முறிவதற்கு முன்பே ஆபத்தைக் கண்டுபிடிக்க கால்நடை மருத்துவர்கள் இன்று குதிரையின் ஒவ்வொரு எட்டையும் அளக்கிறார்கள். இதற்கு ஆரம்பப் புள்ளி வைத்தவர்களில் ஒருவர் டாக்டரே இல்ல, ஒரு போட்டோகிராபர்.

யார் இவர்?

எட்வேர்ட் மைபிரிட்ஜ், 1830-ல் இங்கிலாந்தின் கிங்ஸ்டனில் பிறந்தவர். அமெரிக்கா போய், கலிஃபோர்னியாவின் இயற்கைக் காட்சிகளைப் படமெடுத்துப் பெயர் வாங்கினார். 1874-ல் மனைவியின் காதலரைச் சுட்டுக்கொன்றார்; அடுத்த ஆண்டு ஜூரி அவரை விடுதலை செய்தது.

என்ன செய்தார்?

ஓடும்போது குதிரையின் நான்கு கால்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழுமா? ரேஸ் குதிரைகள் வளர்த்த ரயில்வே அதிபர் லீலண்ட் ஸ்டான்ஃபோர்டுக்கு இதுதான் கேள்வி. வெறும் கண்ணுக்கு அது பிடிபடாது. (இதற்காக அவர் பெரிய தொகை பந்தயம் கட்டினார் என்பது பிரபலமான கதை, ஆதாரம் இல்லை.)

1878 ஜூன், பாலோ ஆல்டோ. ஓடுபாதை ஓரமாக 27 அங்குல இடைவெளியில் கேமராக்களை வரிசையாக வைத்தார் மைபிரிட்ஜ். குறுக்கே கட்டிய நூல்களை சாலி கார்ட்னர் என்ற பெண் குதிரை அறுத்துக்கொண்டு நாலுகால் பாய்ச்சலில் ஓட, கேமராக்கள் ஒவ்வொன்றாகப் படம் பிடித்தன.

நான்கு கால்களும் எழுவது உண்மைதான். ஆனா ஓவியர்கள் வரைந்த மாதிரி, கால்களை முன்னும் பின்னும் நீட்டும்போது இல்ல. வயிற்றுக்கு அடியில் மடக்கும்போது!

காயத்துக்கும் இதுக்கும் என்ன தொடர்பு?

சில படங்களில் ஒரே ஒரு கால்தான் தரையில் இருக்கிறது. மொத்த உடலையும் அந்த நொடியில் அதுதான் தாங்குகிறது. முழு வேகத்தில் ஒரு முன்னங்காலில் இறங்கும் விசை, உடல் எடையைப் போல சுமார் இரண்டரை மடங்கு. 500 கிலோ குதிரை என்றால், ஒரு டன்னுக்கும் மேல். இப்படித் திரும்பத் திரும்ப அடி வாங்கும் எலும்பில் நுண்விரிசல்கள் சேர்ந்து, ஒருநாள் முறிகிறது. அதற்கு முன்பே நடையில் சின்ன மாற்றம் தெரியலாம். அதைப் பிடிக்கத்தான் இன்றைய அதிவேக கேமராவும் சென்சாரும்.

பெருமை கிடைத்ததா?

1882-ல் ஸ்டான்ஃபோர்டு இந்த ஆய்வைப் புத்தகமாக வெளியிட்டபோது, அட்டையில் மைபிரிட்ஜ் பெயர் இல்லை. வழக்குப் போட்டும் ஜெயிக்கவில்லை. பிறகு பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆதரவில் மனிதர்கள், விலங்குகளின் அசைவுகளைப் படமெடுத்து, 1887-ல் 781 தகடுகளாக வெளியிட்டார். 1904-ல் கிங்ஸ்டனிலேயே காலமானார்.

காயத்தைத் தடுப்பது அவர் நோக்கமே இல்ல. ஆனா குதிரையின் கால் எப்போது, எப்படித் தரையில் இறங்குகிறது என்று தெரியாமல், அது ஏன் முறிகிறது என்று கேட்கவே முடியாது.