பெயரைத் திருப்பித் தந்த பெருந்தகை

திரைப்பாடலைக் கேட்டு மகிழ்வோர் பலர். மெட்டமைத்தவரை நினைவிற் கொள்வோர் சிலர். அவரை உருவாக்கியவரை எண்ணுவோர் மிகச் சிலரே. அவ்வாறு எண்ணத் தக்கவர் இசையமைப்பாளர் எஸ். எம். சுப்பையா நாயுடு.

1914இல் கடையநல்லூரில் பிறந்த அவர், இளமையிலேயே நாடகக் குழுவிற் சேர்ந்து இசை பயின்றார். பிறந்தது நெல்லைச் சீமையெனினும், அவரது கலை தழைத்தது கொங்கு மண்ணில்தான். சிங்காநல்லூர் சென்ட்ரல் ஸ்டுடியோவும் புலியகுளம் பட்சிராஜா ஸ்டுடியோவும் கோவையைத் திரைநகரமாக்கியிருந்த காலம் அது. ஜூபிடர் நிறுவனத்தின் 'ராஜகுமாரி' (1947) படத்திற்கு நம் உடுமலை நாராயணகவி பாடல் புனைய, நாயுடு இசையமைத்தார். எம்.ஜி.ஆர். கதாநாயகனாக நடித்த முதற்படம் அதுவே. 'கிருஷ்ண விஜயம்' (1950) வாயிலாக டி. எம். சௌந்தரராஜனைத் திரைக்கு அறிமுகம் செய்தவரும் இவரே. 'மலைக்கள்ளன்' (1954) படத்தில் எம்.ஜி.ஆருக்காக அவரைப் பாட வைத்தார். அக்குரலும் அம்முகமும் பல்லாண்டுகள் பிரியாதிருந்தன.

ஜூபிடரில் எடுபிடிச் சிறுவனாக இருந்த எம். எஸ். விசுவநாதன், நாயுடு இல்லாத வேளைகளில் ஆர்மோனியத்தைத் தொட்டுப் பழகியவர். 'அபிமன்யு' (1948) படத்திற்காக நாயுடு மெட்டுத் தேடித் தவித்தபோது, சிறுவன் வாசித்த மெட்டொன்று அவர் செவியில் விழுந்தது. சிறுவனின் மெட்டென்றால் ஏற்கமாட்டார்கள் என்று கருதி, அதைத் தம் பெயரிலேயே வெளியிட்டார். அவனிடமும் வாய் திறவாதே என்றார். மெட்டு வெற்றி பெற்றது. புகழ் நாயுடுவுக்குச் சேர்ந்தது.

இத்துடன் முடிந்திருந்தால் இது வழக்கமான கதை. ஜூபிடர் சென்னைக்குப் பெயர்ந்தபோது, நாயுடு முதலாளி சோமசுந்தரத்திடம் சென்று உண்மையைச் சொன்னார். பாராட்டுப் பெற்ற மெட்டு தம்முடையதன்று, விசுவநாதனுடையது என்றார். அவனை உடன் அழைத்துச் செல்லுமாறும் வேண்டினார். யாரும் கேளாத உண்மை. சொன்னவருக்கு இழப்பன்றி ஆதாயம் தராத உண்மை. பின்னாளில் தமிழ்த் திரையிசையையே ஆண்ட விசுவநாதன், இதனைப் பலமுறை நன்றியுடன் எடுத்துரைத்துள்ளார்.

தம் புகழை விட்டுக்கொடுத்தவர் கலையில் வறியவராகிவிடவில்லை. 'நாடோடி மன்னன்' (1958) அவரது இசையில் வெளிவந்தது. 'கொஞ்சும் சலங்கை'யில் (1962) காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரத்தையும் எஸ். ஜானகியின் குரலையும் ஆபேரி இராகத்தில் எதிரெதிரே நிறுத்தினார்; எது குரல், எது குழல் என்று செவி மயங்கும் பாடல் அது.

முதுமையில் ஆசானைத் தம் இல்லத்தில் வைத்துப் பேணிய விசுவநாதன், 1979இல் அவர் மறைந்தபோது மகனாக நின்று இறுதிக் கடன்களைச் செய்தார்.

சொல்லையும் கருத்தையும் இரவல் பெறாத கவிஞர் இல்லை. இரவலை இன்னாருடையது என்று அவையறியச் சொல்லும் துணிவே அரிது. அத்துணிவுடைய ஒருவர் நம் கோவையில் இசைத்தொழில் செய்தார் என்பது, கவிதையைத் தொழுவோர் நெஞ்சிற் கொள்ளத்தக்க செய்தியாகும்.