கணக்கு எழுதப் போனார், கார் செய்தார்!

இத்தாலி நாட்டு லான்சியாவின் வாழ்க்கை வரலாறு

சிலிண்டர்கள் கூடினால் காரின் ஓட்டம் சீராகும். ஆனால் எஞ்சினின் நீளமும் கூடும். எஞ்சின் நீண்டால், ஆள் உட்காரும் இடம் குறையும்.

இந்தச் சிக்கலை அவிழ்ப்பதில் பல ஆண்டுகளைச் செலவிட்டார் ஒருவர். அவர் பெயர் வின்சென்சோ லான்சியா.

மலைக்கிராமத்துப் பையன்

இத்தாலியின் வடக்கே, மலைகளுக்கு நடுவே பொபெல்லோ என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே 1881-ம் ஆண்டு ஆகஸ்டு 24-ந் தேதி லான்சியா பிறந்தார். வீட்டில் அவரே கடைக்குட்டி.

தந்தை வசதி படைத்தவர். டப்பாவில் அடைத்த சூப் வியாபாரத்தில் பொருள் சேர்த்தவர். மகன் நன்றாகப் படித்து, நல்ல உத்தியோகத்தில் அமர வேண்டும் என்பது அவர் ஆசை. பையனுக்கோ புத்தகத்தில் மனம் செல்லவில்லை. இயந்திரங்களின் மீதே கண்ணாக இருந்தான்.

டூரின் நகரில் அவர்களுக்கு ஒரு வீடு இருந்தது. அதன் முற்றத்தில் செய்ரானோ என்பவர் வாடகைக்கு இடம் பிடித்து, சைக்கிள் பட்டறை நடத்தினார். லான்சியா அங்கே கணக்கு எழுதும் வேலையில் சேர்ந்தார். அப்போது வயது 17.

பெயருக்குத்தான் கணக்கு வேலை. பொழுதெல்லாம் பட்டறையில்தான்! எதையும் கழற்றுவார், பழுது பார்ப்பார், மறுபடி பூட்டுவார். அந்தப் பட்டறையில் விரைவில் ஒரு சிறிய மோட்டார் காரும் உருவாயிற்று.

பந்தய வீரர்

1899-ல் பியட் கம்பெனி பிறந்தது. அது செய்ரானோவின் பட்டறையை விலைக்கு வாங்கியது. பட்டறையோடு லான்சியாவும் பியட்டுக்குப் போனார். 19 வயதில் தலைமைச் சோதனையாளர் ஆனார்.

செய்த காரைச் சோதிக்க வேண்டுமானால், வேகமாக ஓட்டிப் பார்க்க வேண்டும். லான்சியா ஓட்டிய வேகத்தைப் பார்த்தவர்கள் அசந்து போனார்கள். கம்பெனி அவரைப் பந்தயத்துக்கு அனுப்பியது.

1904-ல் பிரெசியா நகரில் நடந்த புளோரியோ கோப்பைப் பந்தயத்தில் வென்றார். ஆனால் எப்போதும் அதிர்ஷ்டம் கைகொடுக்கவில்லை. 1905-ல் பிரான்சில் நடந்த பெரும் பந்தயத்தில் முன்னணியில் போனார். ஒரு கல் தெறித்து ரேடியேட்டரில் ஓட்டை விழுந்தது. அதோடு சரி.

அதே ஆண்டு அமெரிக்காவில் வாண்டர்பில்ட் கோப்பைப் பந்தயம். அங்கேயும் வெகு தூரம் முந்திச் சென்றார். நடுவில் இன்னொரு காருடன் மோதல்! நான்காவதாகத்தான் வர முடிந்தது.

தீயில் எரிந்த கார்

1906-ம் ஆண்டு நவம்பரில், நண்பர் போகோலினுடன் சேர்ந்து சொந்தக் கம்பெனி தொடங்கினார் லான்சியா. அப்போது அவருக்கு வயது 25.

சில மாதங்களிலேயே பட்டறையில் தீப்பிடித்தது. முதல் காருக்காகச் செய்து வைத்திருந்த பாகங்கள் நாசமாயின. லான்சியா மனம் தளரவில்லை. மீண்டும் தொடங்கினார். 1907-ல் முதல் கார் ஓடியது.

அவருடைய அண்ணன் கிரேக்க மொழி கற்றவர். அவர் யோசனைப்படி, கார்களுக்குக் கிரேக்க எழுத்துக்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. 1913-ல் வந்த தீட்டா காரில், மின்சார ஏற்பாடு முழுவதும் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டது. ஐரோப்பாவில் அது புதுமை.

நான்கு செம்புகள்

அதன் பிறகே எஞ்சினைச் சுருக்கும் வேலையில் இறங்கினார்.

ஒரு பலகையில் நான்கு செம்புகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். பலகை நீளமாக இருக்க வேண்டும். இனி ஒன்றை முன்னே தள்ளி, அடுத்ததைப் பின்னே தள்ளி வையுங்கள். ஒன்றின் தோள் இன்னொன்றின் இடுக்கில் புகுந்துகொள்ளும். குட்டையான பலகையே போதும்.

சிலிண்டர்களையும் இப்படி மாற்றி மாற்றி நிறுத்தலாம். இரண்டு வரிசைகளையும் இரு பக்கம் சாய்த்தால், எதிரே இருந்து பார்க்க ஆங்கில வி எழுத்துப் போல் இருக்கும். இதற்கு வி எஞ்சின் என்று பெயர்.

வி எஞ்சின்களை முன்பே பலர் செய்திருந்தார்கள். ஆனால் அவை அகலமானவை. பெரும்பாலும் 60 அல்லது 90 டிகிரி விரிந்தவை. கடிகாரத்தின் பெரிய முள் 10 அல்லது 15 நிமிடத்தில் நகரும் அளவு! வரிசைகள் விலகி நிற்பதால், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மூடி வேண்டும்.

லான்சியா அந்த விரிப்பை ஒடுக்கினார். எல்லாச் சிலிண்டர்களையும் ஒரே வார்ப்பில் அடக்கினார். ஒரே மூடி போதும் என்றாயிற்று. எஞ்சின் குட்டையானது. உள்ளே சுழலும் தண்டும் குட்டையாகி உறுதிப்பட்டது. 1915-ல், முதல் உலகப் போரின் நடுவே, இந்த அமைப்புக்குக் காப்புரிமை கோரினார்.

ஆசை பெரிது, விலையும் பெரிது

போர் முடிந்தது. 1919-ல் 12 சிலிண்டர் கொண்ட எஞ்சினைக் கண்காட்சியில் வைத்தார். விரிப்பு 22 டிகிரிதான். பார்த்தவர்கள் வியந்தார்கள். ஆனால் செய்யும் செலவோ மலைக்க வைத்தது. அது விற்பனைக்கு வரவே இல்லை.

லான்சியா எண்ணத்தைக் கைவிடவில்லை, அளவைக் குறைத்தார். 12 சிலிண்டர் 8 ஆயிற்று. பிறகு 4 ஆயிற்று.

லாம்டா

1922-ல் லாம்டா என்ற கார் வந்தது. அதன் 4 சிலிண்டர் எஞ்சினின் விரிப்பு சுமார் 13 டிகிரி. கடிகார முள் இரண்டு நிமிடத்தில் நகர்வதைவிடச் சற்றே அதிகம்!

அதுவரை கார் என்றால், கனமான இரும்புச் சட்டத்தின் மேல் ஒரு கூண்டைத் தூக்கி வைப்பதே வழக்கம். லான்சியா அந்தச் சட்டத்தையே நீக்கிவிட்டார். காரின் உடலே பாரத்தைத் தாங்கியது. கப்பலின் உடலமைப்பைப் பார்த்து அவருக்கு இந்த யோசனை தோன்றியதாகச் சொல்வார்கள்.

முன் சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்கின. ஒன்று பள்ளத்தில் விழுந்தாலும் மற்றது சாயவில்லை. கார் தாழ்வாக இருந்ததால், வளைவில் தரையைப் பிடித்துக்கொண்டு திரும்பியது. சிறிய எஞ்சின் மிச்சப்படுத்திய இடம், உட்காருகிறவர்களுக்குக் கிடைத்தது. 1931 வரை 10 ஆயிரத்துக்கும் மேற்பட்ட லாம்டா கார்கள் வெளிவந்தன.

அதே 1922-ல்தான் அடேல் என்ற பெண்மணியை அவர் மணந்துகொண்டார்.

கடைசிக் கார்

அடுத்து வந்த கார்களிலும் ஒடுங்கிய வி எஞ்சினே இருந்தது. கடைசியாக ஏப்ரிலியா என்ற சிறிய காரைத் திட்டமிட்டார். எடை குறைவு, காற்றைக் கிழித்துப் போகும் உடல், நான்கு சக்கரங்களும் தனித்தனியே அசையும்.

1937-ம் ஆண்டு பிப்ரவரியில் ஏப்ரிலியா உற்பத்தி தொடங்கும் வேளை. அந்த மாதம் 15-ந் தேதி, லான்சியா மாரடைப்பால் காலமானார். வயது 55தான். அந்தக் கார் வீதிகளில் ஓடும் அழகைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. சொந்த ஊரான பொபெல்லோவிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

மகனுக்கு அப்போது 12 வயது. மனைவி அடேல் கம்பெனிப் பொறுப்பை ஏற்று நடத்தினார். 1949 வரை 27 ஆயிரத்துக்கும் அதிகமான ஏப்ரிலியா கார்கள் வெளிவந்தன.

அழியாத கணக்கு

1963-ல் வந்த புல்வியா காரிலும் விரிப்பு ஏறக்குறைய 13 டிகிரியே. அந்தக் கார் 1972-ல் மாண்டி கார்லோ பந்தயத்தில் வென்றது. இதற்கிடையே, 1969-ல் லான்சியா கம்பெனியை வாங்கியது யார் தெரியுமா? அவர் ஒரு காலத்தில் வேலை பார்த்த அதே பியட்!

1976-ல் புல்வியா நின்றது. ஒடுங்கிய வி எஞ்சினின் கதையும் முடிந்தது என்றே பலர் நினைத்தார்கள். ஆனால் 1991-ல் ஜெர்மனியின் வோக்ஸ்வாகன் கம்பெனி 6 சிலிண்டர் எஞ்சின் ஒன்றைக் கொண்டுவந்தது. விரிப்பு 15 டிகிரி. வார்ப்பு ஒன்று, மூடி ஒன்று.

கணக்கு எழுதப் போன பையன் போட்ட கணக்கு அது. அவர் மறைந்து 54 ஆண்டுகளுக்குப் பிறகும் அது பொய்க்கவில்லை.