சிஸ்டர் சுப்பலட்சுமி: வாழ்வின் பணியைக் கண்டுகொண்டவர்

நன்றாகப் படித்து, நல்ல உத்தியோகத்தில் அமர்ந்து, வீடு வாசல் என்று ஆன பிறகும், நாம் எதற்காகப் பிறந்தோம் என்ற கேள்வி நம்மில் பலரை விடுவதில்லை. இதைக் கண்டுபிடித்துத் தருவதற்கென்றே இப்போது வகுப்புகளும் முகாம்களும் நடக்கின்றன, கட்டணமும் கொஞ்சமில்லை. அப்படி எந்த வகுப்புக்கும் போகாமல், சின்னஞ்சிறு வயதிலேயே இவள் வாழ்வு முடிந்துவிட்டது என்று ஊரார் தீர்மானித்துவிட்ட ஒரு பெண், தன் வாழ்வின் பணியைக் கண்டுகொண்ட வரலாறு இது. சென்னையில் மூத்தவர்களுக்கு சிஸ்டர் சுப்பலட்சுமி என்றால் தெரியும். வெளி மாநிலங்களிலேயே பிறந்து வளர்ந்த நம் இளைய அங்கத்தினர்கள் அவர் பெயரைக் கேள்விப்பட்டிருக்க வாய்ப்புக் குறைவு.

சுப்பலட்சுமி 1886-ம் ஆண்டு ஆகஸ்டு 18 அன்று மயிலாப்பூரில் பிறந்தார். தந்தை ஆர்.வி. சுப்ரமணிய ஐயர், தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்தவர். பொதுப்பணித் துறையில் என்ஜினீயர். தாயார் விசாலாட்சி. மூத்த பெண்ணான சுப்பலட்சுமி படிப்பில் படுசுட்டி. ஒன்பது வயதில் செங்கல்பட்டு ஜில்லா பொதுப் பரீட்சையில் நான்காவதாகத் தேறினார். ஆனாலும் அக்கால வழக்கப்படி பதினோரு வயதை ஒட்டித் திருமணம் நடந்தது. கணவனுடன் குடித்தனம் என்று ஒன்று தொடங்கும் முன்பே அவன் இறந்துவிட்டான்.

அப்போது நம் குடும்பங்களில் பால விதவைகளின் நிலை என்ன என்பதைப் பாட்டிமார்கள் மூலம் அறிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தலையை மழித்து, நார்மடி உடுத்தி, ஒருவேளைச் சாப்பாட்டுடன், அடுக்களை இருட்டிலேயே ஆயுளைக் கழிக்க வேண்டும். விதவைகள் மறுமணத்தை அனுமதிக்கும் சட்டம் 1856-லேயே வந்துவிட்டது. ஆனால் சட்டப் புத்தகம் அக்கிரஹாரத்துக்குள் நுழையவில்லை. சுப்ரமணிய ஐயர் ஆசாரமானவர்தான். ஆயினும் மகளை அந்த இருட்டுக்குள் தள்ள அவர் சம்மதிக்கவில்லை. வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தார். பிறகு எழும்பூரில் கன்னிகாஸ்திரீகள் நடத்திய பிரசன்டேஷன் கான்வென்டில் சேர்த்தார். வீட்டில் இன்னொரு துணையும் இருந்தது. தாயாரின் தங்கை வாலாம்பாள், அவரும் இளவயதில் கணவனை இழந்தவர். பிற்காலத்தில் நூற்றுக்கணக்கான பெண்களுக்கு அவர் வெறும் சித்தி.

கான்வென்டில் சுப்பலட்சுமி புதிதாக ஒன்றைக் கண்டார். கணவனோ குழந்தைகளோ இல்லாத பெண்கள் கூடி வாழ்ந்து, ஒரு பள்ளிக்கூடத்தையே நடத்தி, எல்லோராலும் மதிக்கப்பட்டார்கள். நம் சமூகத்தில் இதே நிலையிலுள்ள பெண்ணுக்கு ஏன் அந்த மதிப்பு இல்லை என்ற எண்ணம் அங்கேதான் விதை கொண்டது. மதம் மாறிவிடுவாளோ என்று உறவினர்கள் பயந்தார்கள். அவர் மாறவில்லை, வேலை செய்யும் முறையை மட்டும் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டார். அவரை எல்லோரும் அழைத்த சிஸ்டர் என்ற பெயர் எந்த மடமும் கொடுத்த பட்டமல்ல.

பிறகு பிரசிடென்ஸி கல்லூரி. உறவினர்கள் முகம் திருப்பினார்கள். ஜாதிப் பிரஷ்டம் செய்வோம் என்ற மிரட்டலும் வந்தது. 1911-ல் முதல் வகுப்பில் பி.ஏ. தேறினார். சென்னை மாகாணத்தின் முதல் ஹிந்துப் பெண் பட்டதாரி என்று அவரைக் குறிப்பிடுவது வழக்கம். பட்டத்தோடு நின்றிருந்தால் நல்ல சம்பளத்தில் ஓர் உத்தியோகமும், சரித்திரத்தில் ஒரு வரியும் கிடைத்திருக்கும்.

அந்தச் சமயத்தில் மாகாணத்தின் பெண் கல்வி இன்ஸ்பெக்டரஸாக இருந்தவர் மிஸ் கிறிஸ்டினா லிஞ்ச். அவருக்கு ஒரு தலைவலி. பெண் குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பச் சில குடும்பங்கள் முன்வந்தாலும், ஆண் வாத்தியார் என்றால் தயங்கின. மிஷனரிப் பெண்கள் என்றால் மதமாற்ற பயம். நம் வீட்டுச் சுமங்கலிப் பெண்களோ வேலைக்கு வரமாட்டார்கள். ஆக, பள்ளிக்கூடம் கட்டலாம், டீச்சருக்கு எங்கே போவது? இன்னொரு பக்கம், வீட்டுக்கு வீடு சிறு வயதுப் பெண்கள் செய்வதற்கு ஏதுமின்றி அடுப்படியில் உட்கார்ந்திருந்தார்கள். இவர்களைக் கொண்டு அந்தக் குறையைத் தீர்க்கலாம் என்பதுதான் சுப்பலட்சுமியும் மிஸ் லிஞ்சும் கண்ட வழி. இன்று கேட்கும்போது எளிதாகத்தான் இருக்கிறது. விதவைகளுக்கு இரக்கம் காட்டச் சொன்னவர்கள் அதற்கு முன்பும் உண்டு. அவர்களைத் தேவைப்படுபவர்களாக மாற்ற நினைத்தவர்கள் குறைவு.

எழும்பூரில் ஒரு வீட்டில் நான்கு பால விதவைகளுடன் காரியம் ஆரம்பமாயிற்று. 1912-ல் சாரதா லேடீஸ் யூனியனும் சாரதா இல்லமும் உருவாயின. சித்தி சமையலையும் வீட்டு நிர்வாகத்தையும் கவனித்துக்கொண்டார். ஒரு விதவை எதிரே வந்தாலே சகுனம் சரியில்லை என்று திரும்பிப் போன காலம் அது. வீடு நிறைய விதவைகள் என்றால் அக்கம்பக்கத்தார் என்ன பேசியிருப்பார்கள் என்று ஊகித்துக்கொள்ளலாம். பெண்கள் எண்ணிக்கை கூடக்கூட இடம் போதவில்லை. எழும்பூரிலிருந்து திருவல்லிக்கேணிக்கு மாறி, கடைசியில் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டிடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். 1840-களில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டிய இடம். 1897-ல் சுவாமி விவேகானந்தர் தங்கிய இடம். அங்கே காலையில் கடற்காற்றில் நின்று பாடம் படித்த பெண்களில் பலர், அதற்கு முன் வீட்டு வாசலைக்கூடத் தாண்டாதவர்கள்.

அவர் செய்துகொண்ட சமரசங்களையும் சொல்லத்தான் வேண்டும். ஆரம்பத்தில் இல்லம் பிராமண விதவைகளுக்கு மட்டுமே. சமையலறையில் மடி ஆசாரம் கடைப்பிடிக்கப்பட்டது. மறுமணப் பிரசாரத்தை இல்லத்தின் வேலையாக அவர் எடுத்துக்கொள்ளவில்லை. சீர்திருத்தவாதிகளுக்கு இது போதாது. வைதீகர்களுக்கோ இதுவே அதிகம். இரு தரப்பிலும் ஏச்சு வாங்கினார். ஆசாரத்தில் கை வைத்திருந்தால் ஒரு தகப்பனாரும் தன் பெண்ணை அங்கே விட்டுப் போயிருக்க மாட்டார் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கு சரி என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் கதவு மற்றவர்களுக்கு மூடியிருந்தது என்பதும் உண்மைதான். அவர் அதோடு நின்றுவிடவில்லை. ஐஸ் ஹவுஸுக்கு அருகில் இருந்த குப்பத்து மீனவக் குழந்தைகளுக்கும் பள்ளி நடத்தினார்.

1920-ல் அரசாங்கம் கெய்ஸர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கம் அளித்தது. 1922-ல் லேடி வில்லிங்டன் ஆசிரியைப் பயிற்சிக் கல்லூரி தொடங்கியபோது அவரே முதல் பிரின்ஸிபால். படிக்கும் வயதைத் தாண்டிய பெண்களுக்காகச் சாரதா வித்யாலயாவை ஆரம்பித்தார். பின்னாளில் அதை ராமகிருஷ்ண மிஷன் ஏற்றுக்கொண்டது. அரசு ஊழியர் என்பதால் மாதர் சங்கத்தில் உறுப்பினராக அவருக்கு அனுமதி இல்லை. ஆயினும் குழந்தை மணத் தடை பற்றி விசாரித்த ஜோஷி கமிட்டி முன் சாட்சியம் அளித்தார். 1929-ல் நிறைவேறிய அந்தச் சட்டத்துக்கு சாரதா சட்டம் என்று பெயர் வழங்கியது, அதைக் கொண்டுவந்த ஹர்பிலாஸ் சார்தாவின் பெயரால். இல்லத்தின் பெயரோடு ஒத்துப்போனது தற்செயலே. அந்தச் சட்டம் பெண்ணின் திருமண வயதைப் பதினான்காக்கியது. சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்தால் தன் இல்லத்துக்கு ஆள் வருவது நின்றுவிடும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஸ்தாபனம் நடத்துபவர்களுக்கு இது எவ்வளவு கடினமான விருப்பம் என்று நம் சங்க நிர்வாகிகளைக் கேட்டால் சொல்வார்கள்.

வயது ஏறிய பிறகும் அவர் ஓயவில்லை. 1942-ல் மயிலாப்பூரில் வயது வந்த பெண்களுக்காக ஸ்ரீவித்யா கலாநிலையத்தைத் தொடங்கினார். 1952 முதல் 1956 வரை சென்னை மேலவை உறுப்பினர். 1956-ல், எழுபதாவது வயதில், மயிலாப்பூர் லேடீஸ் கிளப் மூலம் அவர் தொடங்கி வைத்த பள்ளிக்கூடம்தான் இன்று வித்யா மந்திர். நம் அங்கத்தினர்களில் சிலராவது அங்கே படித்திருப்பீர்கள். 1958-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. சென்னையில் வசித்த மோனிகா ஃபெல்டன் என்ற ஆங்கிலப் பெண்மணி அவரைச் சந்தித்துப் பேசி எழுதிய வாழ்க்கை வரலாறு 1966-ல் புத்தகமாக வந்தது. முதலில் அதை எழுத ஒரு வெளிநாட்டவர் தேவைப்பட்டது நமக்கு அவ்வளவு பெருமையல்ல.

1969 டிசம்பர் 20, வைகுண்ட ஏகாதசியன்று, அவர் காலமானார். அவரிடம் படித்துப் பயிற்சி பெற்ற பெண்கள் அதற்குள் மாகாணத்தின் பல ஊர்களில் பள்ளிகளில் பாடம் நடத்தி, பலர் ஓய்வும் பெற்றிருந்தார்கள்.