கரடிப் பிடியில் யோஹான்சன்

பனி நெருக்கினா கப்பல் நொறுங்கணும்தானே? நார்வேக்காரர் நான்சன் (1861–1930) அடிப்பாகம் உருண்டையான 'ஃப்ராம்' கப்பலைக் கட்ட வெச்சார். நெருக்க நெருக்க அது மேலே எழும்பும்! 1893-ல் அதில் வடதுருவம் நோக்கிக் கிளம்பினார். 1895-ல் யோஹான்சனோடு கப்பலை விட்டிறங்கி, நாய்களோடு பனியில் நடந்து 86 பாகையைத் தாண்டினார்.

திரும்பும் வழியில் பனிக்கரடி ஒன்று யோஹான்சனைக் கீழே தள்ளிடுச்சு. அவர் அதன் தொண்டையைப் பிடிச்சுத் தடுக்கிறார். நான்சனோட துப்பாக்கியோ தண்ணிக்குள் நழுவிய கயாக் படகில்! பதறாமல் படகை இழுத்து, துப்பாக்கியை எடுத்துச் சுட்டார். நண்பர் பிழைச்சார். அந்தக் குளிர்காலம் முழுக்கக் கரடி இறைச்சிதான் முக்கியச் சாப்பாடு.

பின்னாளில் அகதிகளுக்காக உழைத்து, 1922-ல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றார். எவ்வளவு நல்ல டிசைனா இருந்தாலும், அதைவிட்டு இறங்க வேண்டிய நாள் வரும். அன்னைக்குப் பக்கத்துல நிக்கிற ஆளா இருங்க!